வண்டியின் மூளைக்கு வந்த நோய்

இக்காலத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்தைத் திடுக்கிடச் செய்யும் பெருஞ்செலவுகளுள் ஒன்று மூன்றே சொற்களில் அடங்கிவிடுகிறது: "கொம்பியூட்டர் பொக்ஸ் போய்விட்டது." முன்னாளில் மோட்டார் வண்டி வழியில் நின்றுவிட்டால், பிளக்கைக் கழற்றித் துடைத்தோ, காபரேற்றரைத் திறந்து ஊதியோ, அரை மணி நேரத்தில் அதனை மறுபடி ஓட்டிவிடுவார்கள். இந்நாளிலோ எஞ்சினை ஆளுவது உள்ளங்கை இரண்டினில் அடங்கும் ஒரு சிறு பெட்டி. அதன் உள்ளே நடப்பது யாதென்று கண்ணால் காண இயலாது. கண்ணால் காண இயலாத ஒன்றின்மீது பழி சுமத்துவது எளிது. அந்தப் பழியை மறுத்துரைப்பதே கடினம். அப்பெட்டி குற்றவாளியா, நிரபராதியா என்பதை அறிவது எங்ஙனம், உண்மையிலேயே அது கெட்டிருந்தால் மாற்றுவது எங்ஙனம் என்பவற்றை இவ்வாரம் காண்போம்.

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் வழியாக அக்கரைப்பற்று வரை செல்லும் கரையோரப் பெருந்தெருவில், எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு ஒரு வேனின் சில்லு உருள்வதைப் பொறுத்தே எரிகிறது. விடிந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நண்பகலில் மட்டக்களப்பு வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளி. மாலையில் கல்யாண வீட்டார். இத்தகைய வேன் ஒன்று நின்றுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். கராஜில் நிகழும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"காக்கா, ஸ்கேன் போட்டுப் பார்த்தேன். கொம்பியூட்டர் பொக்ஸ்தான் போயிருக்கு."

"என்ன தம்பி, நேத்து வரைக்கும் நல்லா ஓடின வண்டிதானே?"

"கொம்பியூட்டர் அப்படித்தான் காக்கா. சொல்லாமப் போயிடும். கொழும்புக்குச் சொல்லி ஒண்டு எடுப்பம்."

வீட்டிலிருக்கும் நகை அடகுக் கடைக்குச் செல்கிறது. கொழும்பிலிருந்து பெட்டி வந்து சேருகிறது. மாற்றிப் பூட்டினால், வண்டிக்கு வந்திருந்த நோய் அப்படியே இருக்கிறது! காரணம், பழைய பெட்டி கெட்டிருக்கவேயில்லை. சில வேளைகளில் இதனினும் கொடியது நேரும்: வண்டி இரண்டு நாள் ஓடிவிட்டுப் புதிய பெட்டியும் கருகிப் போகும். இவ்விரு துன்பங்களும் பெரும்பாலும் தவிர்க்கத் தக்கவை. அவற்றைத் தவிர்க்க வேண்டியவை, விலையுயர்ந்த கருவிகளைவிட ஒழுங்கான சிந்தனையும், ஒரு சாதாரண மல்ரி மீற்றரும், ஒரு மணி நேரப் பொறுமையுமே.

நம் நாட்டில் இவ்விஷயம் மேலும் முக்கியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தி வைக்கப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். ஏறத்தாழ ஐந்து ஆண்டுக் காலம், இருந்த வண்டிகளையே பேணி ஓட்ட வேண்டியிருந்தது. ஆகவே பதினைந்து, இருபது, முப்பது வயதான வண்டிகள் இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. மனிதருக்கு வயதானால் நோய் வருவதுபோல, மின் பெட்டிகளுக்கும் வயதானால் நோய் வரத்தான் செய்யும். பெட்டி ஒருபோதும் கெடாது என்று நாம் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் விசாரித்த பின்னர், இறுதியாகச் சந்தேகிக்க வேண்டியது அதுவே என்றுதான் சொல்ல வருகின்றோம்.

பெட்டி செய்யும் வேலை

பெற்றோல் எஞ்சின் ஒன்று நன்றாக எரிய வேண்டுமாயின், ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். அக்கலவையில் பொறி விழவேண்டிய கணமும் தவறக்கூடாது. நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது, செக்கனுக்கு 50 சுற்று ஆகிறது. சுற்றுக்கு இரண்டு பொறியாக, செக்கனுக்கு 100 பொறி விழவேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் முன்னதாக, ஆயிரத்தில் சில பங்கு செக்கன் நேரம் மட்டும் இன்ஜெக்டரைத் திறந்து பெற்றோலைத் தெளிக்க வேண்டும். இக்கணக்கையெல்லாம் ஓயாது செய்துகொண்டிருப்பதே அப்பெட்டியின் தொழில்.

இது நேற்று முளைத்த புதுமையன்று. 1967ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பொஷ் கம்பெனி, வொல்க்ஸ்வேகன் 1600 வண்டிகளுக்கு மின்னணு முறையிலான பெற்றோல் தெளிப்புக் கருவியைப் பெருந்தொகையாகச் செய்து கொடுத்தது. அதில் திரான்சிற்றர்கள் இருந்தன. இன்றைய பொருளில் கொம்பியூட்டர் இருக்கவில்லை. 1970இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டம் புகையைக் குறைக்கும்படி வண்டி செய்வோரை நெருக்கியது. 1971இல் நுண்செயலி பிறந்தது. இவ்விரண்டும் சேர்ந்தே கொம்பியூட்டரை எஞ்சினுக்குள் கொண்டு வந்தன. 1979இல் பி.எம்.டபிள்யூ. 732 வண்டியில், பெற்றோலையும் பொறியையும் ஒரே பெட்டி ஆளும் முறை வந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் யாவற்றிலும், நோயைக் கேட்டறிவதற்கென ஒரே வகையான 16 ஊசித் துவாரம் இருக்க வேண்டுமென்று விதி பிறந்தது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 முதல் இவ்விதி வந்தது. இன்று கராஜ்களில் ஸ்கேனரைப் பொருத்துவது இந்தத் துவாரத்திலேதான்.

பெட்டியின் நிலையை விளங்கிக்கொள்ள, நமது வயல் வட்டையை நினைத்துப் பார்த்தால் போதும். கல்லோயாத் தண்ணீர் பாயும் சம்மாந்துறை வயல்வெளியில், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது என்று முறை வகுப்பவர் வட்டை விதானையார். அவர் எல்லா வயலிலும் தாமே நின்று பார்ப்பதில்லை. பிறர் வந்து சொல்லும் செய்தியைக் கேட்டே முடிவு செய்கிறார். எஞ்சின் பெட்டியும் அவ்வாறே. சென்சர் எனப்படும் உணரிகள் செய்தி கொண்டு வருகின்றன: எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடாக உள்ளது, காற்று எவ்வளவு புகுகிறது, புகையில் ஒட்சிசன் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்பன. அச்செய்தியை நம்பிப் பெட்டி கட்டளை இடுகிறது. பொய்ச் செய்தி வந்தால் கட்டளையும் பிழைக்கும். அது கட்டளையிட்டவர் குற்றமா? கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் விவசாயி உடனே விதானையாரை மாற்றச் சொல்வதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வாய்க்கால் வழியே நடந்து, எங்கே உடைப்பு, எங்கே அடைப்பு என்று பார்க்கிறான். வண்டியிலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

குற்றஞ் சாட்டுமுன்

முதலாவது, பெட்டிக்கு உணவு கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓய்வில் இருக்கும் நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது அது 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுமாயின், பற்றரியோ அதன் முனைகளோ பழுது. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.7 வோல்ற்று வரை இருப்பது வழக்கம். பசியால் மயங்கி விழுந்தவனை மூளை நோயாளி என்று சொல்லலாமா? வலுவிழந்த பற்றரியினால் பெட்டி தடுமாறி, ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பத்துக் குறைகளை ஸ்கேனரில் காட்டுவதுண்டு. பத்து உறுப்புகள் ஒரே நாளில் கெடுவது அரிது. அவற்றுக்குப் பொதுவான ஒன்று கெட்டிருப்பதே இயல்பு. அதன் பின்னர் பியூஸ்களையும், பெட்டிக்கு மின்சாரம் அனுப்பும் ரிலேயையும் சோதிக்க வேண்டும். சாவியைத் திருப்பியவுடன் முன்பலகையில் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். அது சற்றும் எரியவில்லையாயின், பெட்டிக்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை என்று ஐயுறலாம்.

இரண்டாவது, ஏர்த். கரையோரத்தில் வாழும் நாம் இதனைத் தனியே கவனிக்க வேண்டும். உப்புக் காற்று செம்பைப் பச்சையாக்கும், இரும்பை உதிர்க்கும். எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையே ஏர்த் வயரைப் பூட்டிய இடத்தில் துரு ஏறினால், அங்கே தடை உண்டாகிறது. மாணவர்கள் ஓமின் விதியைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கட்டும்: அரை ஓம் தடையினூடாக 5 அம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால் 2.5 வோல்ற்று அங்கேயே தொலைந்து போகும். வெறும் கண்ணுக்கு வயர் நன்றாகவே தெரியும். வயரைக் கழற்றி ஓம் மீற்றரால் அளந்தாலும் சில வேளை நன்றென்றே காட்டும். ஆகவே எஞ்சினை ஓடவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர் முனையிலும், மறு முனையைப் பெட்டியின் ஏர்த் ஊசியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 0.1 வோல்ற்றுக்கு மேற்படாமல் இருந்தால் நலம். அரை வோல்ற்று, ஒரு வோல்ற்று என்று காட்டினால், நகையை அடகு வைக்குமுன் அரத்தாளை எடுத்து அந்த இடத்தைச் சுரண்டுங்கள்.

மூன்றாவது, பேச்சு. ஸ்கேனருடன் பெட்டி பேச மறுத்தால் உடனே அது இறந்துவிட்டதென்று முடிவு கட்டுகின்றனர். ஆனால் ஸ்கேனருக்கும் மின்சாரம் வேண்டும் அன்றோ? 16 ஊசித் துவாரத்தில் 16ஆம் இடத்தில் பற்றரி மின்சாரமும், 4ஆம் 5ஆம் இடங்களில் ஏர்த்தும் இருக்க வேண்டும். சில வண்டிகளில் சிகரெட் பற்றவைக்கும் துவாரமும் இதுவும் ஒரே பியூஸினால் உணவூட்டப்படுகின்றன. போன் சார்ஜரால் அந்தப் பியூஸ் எரிந்திருந்தாலும், ஸ்கேனருக்குப் பெட்டி ஊமையாகவே தோன்றும்! சற்றுப் புதிய வண்டிகளில், பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர் 6ஆம் 14ஆம் ஊசிகளில் வந்து முடிகிறது. பற்றரியைக் கழற்றிவிட்டு இவ்விரண்டுக்கும் இடையே அளந்தால், பெரும்பாலும் 60 ஓம் காட்டும். இரு கோடியிலும் 120 ஓம் தடைகள் இருப்பதே இதற்குக் காரணம். 120 காட்டினால் எங்கோ ஒரு வயர் அறுந்திருக்கலாம். மழைக்காலத்தில் எஞ்சின் சூட்டை நாடி வந்து குடியேறும் எலிகள் வயர் கடிப்பதில் மகா கெட்டிக்காரர்கள் என்பதையும் நினைவிற் கொள்க.

நான்காவது, உணரிகள். பெட்டியானது பல உணரிகளுக்கு 5 வோல்ற்று மின்சாரத்தைப் பொதுவாகப் பகிர்ந்தளிக்கிறது. அவற்றுள் ஒன்று உள்ளே பழுதாகி ஏர்த்துடன் சேர்ந்துவிட்டால், அந்த 5 வோல்ற்று முழுவதும் வீழ்ந்துவிடும். அப்போது எல்லா உணரியும் பொய் சொல்வதாகத் தோன்றும். வண்டியும் ஸ்டார்ட் ஆகாது. பழியோ பெட்டிமேல் விழும். பரிகாரம் எளிது. உணரிகளின் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீற்றரைப் பாருங்கள். எதனைக் கழற்றியதும் 5 வோல்ற்றுத் திரும்பி வருகிறதோ, அதுவே கள்வன்.

வண்டி சூடானதும் நின்று, ஆறியதும் மறுபடி ஓடுகிறதா? இது பெட்டியின் நோய்போலவே நடிக்கும். ஆயினும் பெரும்பாலான வேளைகளில், எஞ்சினின் சுழற்சியை அறிவிக்கும் கிராங்க் உணரியே சூட்டில் செயலிழந்திருக்கும்.

ஸ்கேனர் சொல்வதைப் படிக்கவும் பழக வேண்டும். பீ 0335 என்று வந்தால், "கிராங்க் உணரி கெட்டது" என்று பொருளன்று. "கிராங்க் உணரியின் சுற்றில் குறை உண்டு" என்பதே பொருள். உணரியோ, வயரோ, பிளக்கோ குற்றவாளியாக இருக்கலாம். பெட்டியைத் தானாகவே சுட்டும் எண்கள் சிலவே: நினைவகக் கணக்குப் பிழைத்தது என்னும் பீ 0601, செயலியில் குறை என்னும் பீ 0606 போன்றவை. யூ 0100 என்பது, எஞ்சின் பெட்டியின் குரல் கேட்கவில்லை என்று வண்டியின் மற்றப் பெட்டிகள் சொல்லும் முறைப்பாடு. குரல் கேளாமைக்கு மரணமும் காரணமாகலாம், பசியும் காரணமாகலாம். பீ 0606 வந்த போதிலும், மின்சாரத்தையும் ஏர்த்தையும் பார்த்த பின்னரே தீர்ப்பு எழுத வேண்டும். 16 ஊசித் துவாரம் இல்லாத பழைய டொயோட்டா வண்டிகளில், சோதனைப் பெட்டியில் இரு முனைகளை இணைத்தால் எஞ்சின் விளக்கே மின்னிக் காட்டும். இரண்டு முறை மின்னி, சற்று நின்று, மறுபடி இரண்டு முறை மின்னினால் 22. அது தண்ணீர்ச் சூட்டை அறியும் உணரியின் சுற்றைக் குறிக்கும். ஸ்கேனர் இல்லாத காலத்திலும் பெட்டி தன் குறையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

உண்மையான நோய்

இவ்வளவும் பார்த்த பின்னர், மின்சாரம் சரி, ஏர்த் சரி, செய்தி சரி, ஆனால் கட்டளை மட்டும் வெளியே வரவில்லை என்றால், அப்போதுதான் பெட்டியைத் திறக்கலாம்.

பெட்டிகள் கெடும் விதங்களுள் இரண்டு பிரசித்தமானவை. ஒன்று, கொள்ளளவிகள் கசிதல். 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் செய்யப்பட்ட ஜப்பானிய வண்டிகள் சிலவற்றில் இது பெரிதும் காணப்பட்டது; அக்காலத்து மிற்சுபிஷி வண்டிகள் சில இதற்குப் பெயர் போனவை. சிறு டப்பி போன்ற கொள்ளளவியின் அடியிலிருந்து மின்பகுபொருள் கசிந்து, பலகையிலுள்ள செம்புக் கோடுகளை அரித்துவிடும். மூடியைத் திறந்ததும் மீன் வாடைபோன்ற நாற்றம் வீசினால் சந்தேகத்துக்கு இடமில்லை. அரிப்பு ஆழமாகுமுன் கண்டால், மிகச் சொற்ப விலையுள்ள கொள்ளளவியை மாற்றிப் பற்றாசு வைத்தாலே போதும். தாமதித்தால் பலகையே பாழ்.

மற்றொன்று, பற்றாசில் மயிரிழை போன்ற வெடிப்பு. சூடும் குளிரும் மாறி மாறி வருவதால் பற்றாசு களைத்து வெடிக்கிறது. இது சிறிய கராஜ்களின் கற்பனையன்று. 2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், டொயோட்டா கம்பெனி அமெரிக்காவிலும் கனடாவிலும் 2005 முதல் 2008 வரையிலான கொறோலா, மற்றிக்ஸ் வண்டிகளுள் சுமார் 11 இலட்சத்து 30 ஆயிரத்தைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. எஞ்சின் பெட்டிப் பலகையில், சில பற்றாசு முனைகளிலோ, மின்னழுத்த மிகையைத் தடுக்கும் ஒரு சிறு உறுப்பிலோ வெடிப்பு விழக்கூடும் என்பதே காரணம். எஞ்சின் விளக்கு எரியலாம். கியர் முரட்டுத்தனமாக மாறலாம். வண்டி ஸ்டார்ட் ஆகாதிருக்கலாம். ஓட்டத்திலேயே நின்றும் போகலாம் என்று அறிவிக்கப்பட்டது. உலகின் தேர்ந்த தொழிற்சாலையில் செய்த பெட்டியும் கெடும் என்பதற்கு இது சான்று. ஆனால் அங்கே பெட்டிமேல் தீர்ப்புக் கூறப்பட்டது, வெடிப்பைக் கண்ட பின்னரே என்பதையும் கவனியுங்கள்.

கொன்றவன் யார்?

பெட்டி கெட்டது உறுதியானதும், பலர் உடனே மாற்றுப் பெட்டிக்கு ஓடுகின்றனர். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: இதனைக் கெடுத்தது எது? பெட்டிக்குள் இருக்கும் திரான்சிற்றர்கள், இன்ஜெக்டரையும் பொறிச் சுருளையும் இயக்குகின்றன. சாதாரணப் பெற்றோல் வண்டிகள் பலவற்றில் இன்ஜெக்டரின் தடை 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். 12 வோல்ற்றில் 12 ஓம் ஊடாக 1 அம்பியர் பாயும். அச்சுருள் உள்ளே கருகித் தடை 2 ஓமாகக் குறைந்தால் 6 அம்பியர் பாயும். 1 அம்பியருக்கென்று செய்த திரான்சிற்றர் அதனைத் தாங்குமா? இன்ஜெக்டரை அளக்காமல் பெட்டியை மட்டும் மாற்றினால், புதிய திரான்சிற்றரும் அதே வழியில் செல்லும். புதுப் பெட்டி இரண்டு நாளில் கருகுவதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

ஓல்ட்டனேற்றர் கட்டுப்பாடிழந்து மிகையான வோல்ற்றைச் செலுத்துதல், வேறு வண்டியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யும்போது முனைகளை மாற்றிப் பூட்டுதல், பற்றரியைக் கழற்றாமல் வண்டியின் உடலில் வெல்டிங் செய்தல், வெள்ளநீர் புகுதல் ஆகியனவும் பெட்டியைக் கொல்லும். கடல் நீரோ மழை வெள்ளத்தினும் கொடியது. தண்ணீர் உலர்ந்தாலும் உப்பு உள்ளே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, மாதக்கணக்கில் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். 2004 டிசம்பர் 26ஆம் நாளைக் கண்ட நம் கரைக்கு, உப்பு நீரின் வலிமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பழைய வண்டி வாங்குவோர், இருக்கைப் பட்டியை முழுவதும் இழுத்து நீர்க்கறை உண்டா என்று பார்ப்பதும், கால்விரிப்பைத் தூக்கி அடியில் துரு உண்டா என்று பார்ப்பதும் நல்ல வழக்கம்.

மாற்றும் முறை

மாற்றுப் பெட்டியை வாங்கும்போது, வண்டியின் பெயரும் ஆண்டும் ஒத்திருந்தால் மட்டும் போதாது. பெட்டியின் மேல் ஒட்டியுள்ள எண் முழுவதும் ஒத்திருக்க வேண்டும். டொயோட்டா எஞ்சின் பெட்டிகளின் எண் பெரும்பாலும் 89661 என்று தொடங்கும். அதன் பின்வரும் ஐந்தே அது எந்த வண்டிக்குரியது என்பதைச் சொல்லும். கையால் கியர் மாற்றும் வண்டிக்கும் தானே கியர் மாறும் வண்டிக்கும் பெட்டி வேறு. கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய பெட்டி வாங்குவோர், பழைய பெட்டியைக் கையில் கொண்டு செல்வதும், பொருந்தாவிடில் திருப்பி எடுக்கும் உறுதியைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவதும் அவசியம்.

இம்மொபிலைசர் என்னும் திருட்டுத் தடுப்புள்ள வண்டிகளில், சாவியின் இரகசிய எண்ணைப் பெட்டி மனப்பாடம் செய்து வைத்திருக்கும். அந்நியப் பெட்டியைப் பூட்டினால் அது சாவியை அறியாது. எஞ்சின் ஓடாது, அல்லது ஓரிரு செக்கன் ஓடி நின்றுவிடும். அதனைக் கண்டு "இதுவும் பழுது" என்று திருப்பி அனுப்புவதுண்டு. சாவியைப் புதிய பெட்டிக்கு அறிமுகம் செய்ய வேண்டும். அல்லது பழைய பெட்டியின் நினைவுச் சில்லிலுள்ள செய்தியைப் புதியதில் பிரதி செய்ய வேண்டும். அச்சில்லு பழைய பெட்டியிலேயே இருப்பதால், பழையதைக் குப்பையில் எறிவது அறியாமை.

பூட்டுமுன் சாவியை அணைத்து, பற்றரியின் எதிர் முனையைக் கழற்ற வேண்டும். வண்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ள வேண்டும். பிளக்கில் வளைந்த ஊசி, பச்சைப் படிவு உண்டா என்று பார்த்து, வலிந்து திணிக்காமல் பொருத்த வேண்டும். பின்னர் எஞ்சினை ஓடவிட்டால், சில நாள் வரை ஓட்டத்தில் சிறு தடுமாற்றம் இருக்கலாம். புதிய பெட்டி அந்த எஞ்சினின் இயல்பைக் கற்றுக்கொள்ளும் காலம் அது. இறுதியாக ஸ்கேனரை மறுபடி பொருத்தி, குறை எதுவும் திரும்பி வரவில்லை என்று கண்ட பின்னரே வேலை முடிந்தது எனலாம்.

இரு தரப்பாருக்கும் ஒரு சொல்

கராஜில் விட்ட வண்டி ஓர் அமானிதம். அதனைப் பொறுப்பேற்ற தொழிலாளி, அளந்து கண்டதை உரிமையாளருக்குக் காட்டும் கடமை உடையவர். "ஏர்த்தில் எவ்வளவு வோல்ற்று, தம்பி? 5 வோல்ற்று வருகிறதா? இன்ஜெக்டர் எத்தனை ஓம்?" என்று ஒரு காக்கா கேட்டால், அதனை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. நேர்மையான தொழிலாளிக்கு அக்கேள்வி மகிழ்ச்சியையே தரும்.

உரிமையாளருக்கும் ஒரு கடமை உண்டு. நாம் உதிரிப்பாகத்துக்கு ஆயிரக்கணக்கிற் கொடுப்போம். நோயைக் கண்டறிய ஒரு மணி நேரம் குனிந்து நின்றவருக்குக் கூலி கொடுக்க மனம் வராது. "சும்மா பார்த்ததுக்குக் காசா?" என்போம். பார்த்தலுக்குக் கூலி இல்லையென்றால், மாற்றுதலுக்கே கூலி என்றாகிவிடும். பின்னர் அவர் மாற்றாமல் என்ன செய்வார்? துருப்பிடித்த ஒரு போல்ட்டைச் சுரண்டி வண்டியை ஓட்டிக் கொடுத்தவர், நமது நகையை அடகுக் கடையிலிருந்து காத்தவர் என்று எண்ணி அவருக்கு உரியதைக் கொடுக்க வேண்டும்.

நம் பகுதி மாணவர்களுக்கு இத்துறையில் நல்ல இடமுண்டு. சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரியும், அம்பாறை ஹார்டி நிறுவனமும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் உள்ளன. ஓமின் விதியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பிள்ளை, விடுமுறை நாளில் வாப்பாவின் வேனில் ஒரு மீற்றரை வைத்து அதே விதியைக் கண்ணாற் காணலாம். இன்று மின்சாரத்தால் ஓடும் வண்டிகளும் கலப்பு வண்டிகளும் தெருவுக்கு வந்துவிட்டன. அவற்றுள் பெட்டிகள் மேலும் பலவாகும். மின்னழுத்தமும் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு உயரும். அங்கே ஊகத்தால் கை வைப்பவர் பணத்தை மட்டுமன்றி உயிரையும் இழக்க நேரிடும். அளந்தறியும் பழக்கத்தை இன்றே, 12 வோல்ற்றுப் பற்றரி உள்ள வண்டியிலேயே கற்றுக்கொள்வது நன்று.

ஆகவே, அடுத்த முறை "பெட்டி போய்விட்டது" என்ற சொல் காதில் விழுந்தால், பணப்பையைத் திறக்குமுன் மீற்றரை எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பின்னும் பெட்டியே குற்றவாளி என்று தெளிந்தால், மனச் சஞ்சலமின்றி மாற்றிக்கொள்ளலாம்.